முதல் இரண்டு படங்களும் நம்மூர்ப் பணம்

மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமார'னை எடுத்த ஜே.சி. டேனியல் நம் கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்துக்காரர். இரண்டாவது படமான 'மார்த்தாண்டவர்மா'வைத் தயாரித்த ஆர். சுந்தர்ராஜ், நாகர்கோவிலில் ராஜேஸ்வரி பிலிம்ஸ் நடத்தியவர், டேனியலுக்கு உறவுக்காரர். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால், படம் எடுக்க ஆசைப்பட்ட நம்மூர்க்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம்.

இரண்டு பேருமே பணத்தை இழந்தார்கள். தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் என்றுதான் இன்றைக்கும் பலர் நினைக்கிறார்கள். பணம் அந்த வேலையின் ஒரு பங்குதான். மீதி என்ன என்று தெரிந்துகொள்ள இந்த இருவர் கதையைப் போல வேறொன்று எனக்குக் கிடைக்கவில்லை.

டேனியலுக்குக் களரிப்பயிற்று மேல் பித்து. அந்தக் கலையைத் திரையில் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் அவரைச் சினிமாவுக்கு இழுத்தது. சென்னையில் ஸ்டூடியோ வாசல்கள் திறக்கவில்லை. பம்பாய்க்குப் போய்ப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். தன் பெயரில் இருந்த நிலத்தை விற்றார். அதில் கிடைத்தது 4 லட்சம் ரூபாய் என்பார்கள். 1926-ல் திருவனந்தபுரம் பட்டத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் உருவானது. கதை, இயக்கம், ஒளிப்பதிவு, கதாநாயக வேடம் எல்லாம் அவரே. ஊரெல்லாம் புராணப் படம் ஓடிய காலத்தில், இலங்கைக்குக் கடத்தப்பட்டுத் தோட்டக்கூலியாக வளரும் ஒரு பையனின் கதையை எடுத்தார். அந்தத் துணிச்சலுக்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் எல்லாவற்றையும் தானே செய்தவர், தயாரிப்பாளராக இருக்க வேண்டிய நேரத்தில் தனியாளாகிப்போனார். கதாநாயகியாக நடித்தவர் பி.கே. ரோசி, கூலி வேலை செய்த தலித் பெண். படத்தில் அவருக்கு நாயர் பெண் வேடம். திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் முதல் காட்சி. திறந்துவைத்தவர் வக்கீல் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. ரோசி உள்ளே இருந்தால் வர மாட்டோம் என்று பெரிய மனிதர்கள் சொன்னதாகவும், அதனால் அவர் அழைக்கப்படவில்லை என்றும் சொல்கிறார்கள். தாழ்த்தப்பட்ட பெண் நாயர் பெண்ணாகத் திரையில் வருவதா என்று கூட்டம் கொதித்தது. திரை மேல் கல் விழுந்தது. ரோசியின் குடிசையைக் கொளுத்தினார்கள். லாரி ஏறித் தப்பி வந்த அவர் நாகர்கோவில் பக்கம் வேறு பெயரில் வாழ்ந்து முடித்தார் என்கிறார்கள். மலையாளத் திரையின் முதல் கதாநாயகி, தான் நடித்தவள் என்று வெளியே சொல்ல முடியாமல் நம் ஊர்களில் எங்கோ நடமாடியிருக்கிறார்.

யாருக்கு எந்த வேடம் என்பது இயக்குநரின் முடிவு. அந்த வேடத்தை ஏற்றவர் வீடு திரும்பும்வரை அவருக்குப் பொறுப்பு தயாரிப்பாளர். தியேட்டரைப் பேசி முடிப்பது, காவல் கேட்பது, எந்த ஊரில் முதலில் போடுவது என்று யோசிப்பது, ‘அவர் வராமல் விழா இல்லை’ என்று பெரிய மனிதர்களிடம் சொல்வது எல்லாம் அந்த நாற்காலியின் வேலை. சாதிவெறிக்கு டேனியல் காரணம் அல்ல. அவரும் அதில் நொறுங்கிப்போனவர்தான். ஆனாலும் ரோசியை வாசலுக்கு வெளியே விட்ட அந்த முடிவு என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சுந்தர்ராஜ் சிக்கியது வேறு இடத்தில். சி.வி. ராமன் பிள்ளையின் புகழ்பெற்ற நாவல் 'மார்த்தாண்டவர்மா' 1891-ல் வந்தது. பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றிய அரியணைச் சண்டை. நம் கல்குளம் மண்ணின் கதை. பி.வி. ராவ் இயக்கத்தில் படம் முடிந்து 1933-ல் அதே கேப்பிடல் தியேட்டருக்கு வந்தது. மகாராஜாவின் ஆறாட்டு ஊர்வலக் காட்சிகளும் அதில் உண்டு. நாவலின் உரிமையை வைத்திருந்த கமலாலயா புத்தகக் கம்பெனி வழக்குப் போட்டது. படம் பறிமுதலானது, ஓட்டம் நின்றது. போட்ட காசு அத்தனையும் ஒரு கையெழுத்து இல்லாததால் போயிற்று.

இதில் ஒரு விசித்திரம். வழக்கு எதிலும் சிக்காத 'விகதகுமார'னில் ஒரு சுருள்கூட இன்று இல்லை. விவரம் தெரியாத வயதில் வீட்டுப் பிள்ளை எரித்து விளையாடியதில் போய்விட்டது என்று டேனியலின் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். வழக்கில் சிக்கிய 'மார்த்தாண்டவர்மா'வோ புத்தகக் கம்பெனியின் பொறுப்பிலேயே கிடந்து, 1974-ல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பிரதியைப் பத்திரப்படுத்துவதும் தயாரிப்பாளரின் பொறுப்புதான்.

இன்றும் வேலையின் எலும்பு அதேதான். கதை உரிமையை எழுத்தில் வாங்கி, பட்ஜெட் போட்டு, பைனான்சியரிடம் வட்டிக்கு எடுத்து, நடிகர்களின் கால்ஷீட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, மழை பெய்தாலும் யூனிட்டுக்குச் சாப்பாடும் பேட்டாவும் தவறாமல் கொடுத்து, சென்சார் சான்றிதழ் வாங்கி, வியாபாரம் பேசுவதுவரை அவர் பொறுப்பு. தமிழ்ச் சினிமா வியாபாரத்தில் திருநெல்வேலியும் கன்னியாகுமரியும் சேர்ந்து ‘டி.கே. ஏரியா’. அதை ஒரு விநியோகஸ்தர் எம்.ஜி. அடிப்படையில் எடுப்பார், அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு என்று முன்பணம். இல்லையென்றால் மொத்தமாக விலை பேசி எடுப்பார். பிலிம் காலத்தில் நெகட்டிவ் லேபில் இருக்கும். கடன் கொடுத்தவர் கையில் லேப் கடிதம் இருக்கும். அவர் சம்மதிக்காமல் பிரிண்ட் வெளியே வராது. இப்போது படத்தைத் திறக்க டிஜிட்டல் சாவி. முதல் காட்சிக்கு ரசிகர்கள் தியேட்டர் வாசலில் நிற்க, ‘இன்னும் சாவி வரவில்லை’ என்று தகவல் வருகிறதென்றால், பெரும்பாலும் எங்கோ ஓர் அறையில் தயாரிப்பாளர் பைனான்சியரிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் காலை வேளையின் பதற்றம் எந்தக் கேமராவிலும் பதிவாவதில்லை.

இந்த வேலையை அன்றே முறையாகச் செய்தவர்களும் உண்டு. மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938-ல் வந்தது. எடுத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். அவருக்குச் சொந்த ஸ்டூடியோவும் சம்பளத்துக்கு ஆட்களும் கறாரான கணக்கும் இருந்தன. டேனியலிடம் இருந்தது நிலம் விற்ற பணமும் கனவும். பிறகு நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரரான என்.எஸ். கிருஷ்ணன் சென்னையில் சொந்தப் பட நிறுவனம் நடத்தி, அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யை 1949-ல் கொண்டுவந்தார். அதற்குள் இந்தத் தொழிலுக்கு நடைமுறைகள் உருவாகியிருந்தன.

'விகதகுமார'னுக்குப் பிறகு டேனியல் ஸ்டூடியோவை மூடிவிட்டுப் பல் மருத்துவம் படித்தார். பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி என்று ஊர் மாறிப் பிழைத்தார். 1956-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. முதுமையில் நலிந்த கலைஞருக்கான உதவித்தொகையைக் கேட்டபோது, நீங்கள் தமிழ்நாட்டுக்காரர் என்று சொல்லிக் கேரள அரசு மறுத்துவிட்டது. மலையாளத்தில் படம் எடுத்தவரைத் தமிழ்நாடும் கண்டுகொள்ளவில்லை. சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் விடாமல் எழுதியதால்தான் அவர் பெயர் வெளியே வந்தது. 1975-ல் டேனியல் இறந்தார். கேரளத்தின் உயரிய திரை விருது 1992 முதல் அவர் பெயரில் வழங்கப்படுகிறது. 2013-ல் அவர் வாழ்க்கை 'செல்லுலாய்ட்' என்ற படமானது. டேனியலாக நடித்தவர் பிருத்விராஜ்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் குறும்படம் எடுக்கும் பிள்ளைகள் இன்று நிறைய. கேமராவும் எடிட்டிங்கும் அவர்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. கதை உரிமையை எப்படி எழுதி வாங்குவது, நடிக்க வரும் பெண்ணோடு என்ன ஒப்பந்தம் போடுவது, எடுத்த படத்தின் மூலப் பிரதியை எங்கே வைப்பது என்று சொல்லித்தரத்தான் யாரும் இல்லை. நம் கல்லூரி ஒன்று இதற்கு ஒரு பாடம் தொடங்கட்டும். முதல் வகுப்பிலேயே ரோசி, டேனியல், சுந்தர்ராஜ் மூவரின் கதையையும் முழுதாகச் சொல்லட்டும்.