ஓம் அளந்த கம்பிகள்

1825இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தார் கியோர்க் சைமன் ஓம். கம்பியின் நீளம் கூடக் கூட அதில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கப் பார்த்தார். அப்போது கைக்குக் கிடைத்தது வோல்ட்டா அடுக்கு என்ற அக்கால மின்கலம்தான். கம்பியை இணைத்த சிறிது நேரத்தில் அதன் அழுத்தம் சரிந்துவிடும். அதை நம்பி அவர் எழுதிய முதல் சூத்திரம் தவறாகிப்போனது.

பிறகு, இயற்பியலாளர் போகென்டார்ஃப் சொன்ன யோசனைப்படி, பிஸ்மத்தையும் செம்பையும் இரு முனைகளிலும் ஒட்டி, ஒரு சந்திப்பைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். சந்திப்புகளின் வெப்பநிலை வேறுபாடே மின்னழுத்தத்தை உண்டாக்குவதால், இரண்டு வெப்பநிலையும் மாறாதவரை மின்னழுத்தமும் மாறாது. மிகச் சிறிய அழுத்தம், ஆனால் ஆடாத அழுத்தம். இதில் வெவ்வேறு நீளச் செம்புக் கம்பிகளை இணைத்து, மின்னோட்டம் காந்த ஊசியை எவ்வளவு விசையுடன் திருப்பப் பார்க்கிறது என்று குறித்தார். இந்தப் பொறுமைதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. முடிவுகள் 1826இல் வெளிவந்தன; அடுத்த ஆண்டு புத்தகமாயின.

அவர் கண்டது இது: கம்பி நீளும்போது தடை கூடி மின்னோட்டம் குறையும்; தடை மாறாதிருந்தால், மின்னழுத்தம் எத்தனை மடங்கு ஏறுகிறதோ மின்னோட்டமும் அத்தனை மடங்கு ஏறும். 230 வோல்ட்டில் 1000 வாட் இஸ்திரிப்பெட்டி சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். அதன் தடை ஏறத்தாழ 53 ஓம். லோ வோல்ட்டேஜில் 180க்கு இறங்கினால் 3.4 ஆம்பியர்தான் ஓடும். அழுத்தம், ஓட்டம் இரண்டும் குறைவதால் சூடு இன்னும் மோசமாக அடிவாங்கும்: 1000 வாட் 610 வாட் அளவுக்கு வந்துவிடும். சட்டைச் சுருக்கம் போகாததற்குக் கணக்கு இதுதான்.

இந்த விதிக்கு ‘வெப்பநிலை மாறாதபோது’ என்று பாடநூல்கள் ஒரு நிபந்தனை போடும். மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், அங்கேதான் நிற்க வேண்டும். 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் டங்ஸ்டன் இழையின் தடை கிட்டத்தட்ட 880 ஓம். ஓடுவது கால் ஆம்பியர்தான். அணைந்து குளிர்ந்த இழைக்கோ அதில் பத்தில் ஒரு பங்குத் தடைகூட இல்லை. ஆகவே சுவிட்சைப் போட்ட கணத்தில் பத்து மடங்குக்கும் மேலான மின்னோட்டம் பாயலாம். நைந்த இழை பெரும்பாலும் அப்போதுதான் அறுகிறது.

எல்இடி இந்த விதிக்கு அடங்காத இன்னொரு விதம். சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 2 வோல்ட் வரும்வரை மின்னோட்டம் மிகச் சொற்பம். அதன்பின் அழுத்தத்தைச் சிறிது கூட்டினாலே மின்னோட்டம் கிடுகிடுவென ஏறி அதைக் கருக்கிவிடும். அதனால்தான் எல்இடி விளக்குக்குள் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கத் தனிச் சுற்று வைக்கிறார்கள்.