15-க்கும் 50-க்கும் நடுவே நம்ம ஊர்க் கார்கள்

குளிர்காலத்தில் டில்லியில் பழைய கார் பேரணி பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும், கூட்டம் எங்கே மொய்க்கும் என்று. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-இல் ஆரம்பித்து வைத்த வழக்கம் இது. ரோல்ஸ் ராய்ஸ், பென்ட்லி, ஏதோ ஒரு சமஸ்தானத்து ராஜா வேட்டைக்குப் போன வண்டி, இவற்றைச் சுற்றித்தான் காமிராக்கள் நிற்கும். கொஞ்சம் தள்ளிப் பின்வரிசையில் ஓர் அம்பாசடர், ஒரு ஃபியட், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கும். ஜனங்கள் அதைப் பார்த்து, "அட, இது எங்க மாமா வச்சிருந்தாரே!" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

என் கட்சி அந்தப் பின்வரிசைக் கட்சி. ராஜாக்களின் கார்கள் அழகானவை, சந்தேகமில்லை. ஆனால் அவை வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள். நம் தொழிலாளி செய்து, நம் மெக்கானிக் உயிர் கொடுத்து, நம் குடும்பங்கள் ஏழெட்டுப் பேராக ஏறி உட்கார்ந்து போன வண்டிகள் பின்வரிசையில் நிற்பவைதாம். அவற்றைத்தான் நாம் இப்போது வேகமாக இழந்துகொண்டிருக்கிறோம். இதில் ஆசாபாசத்தைவிடச் சட்டக் கணக்கு ஒன்றுதான் முக்கியம். அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பூர்வீகம். 1920-களின் கடைசியிலேயே ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இங்கே கடை விரித்துவிட்டன. ஆனால் அவை பெட்டி பெட்டியாகப் பாகங்களை இறக்குமதி செய்து, இங்கே மாட்டி விற்றன. அசெம்பிளி மட்டுமே. சுதந்திரத்துக்குப் பிறகு, 1953-இல் வரி ஆணையத்தின் சிபாரிசையொட்டி, "இங்கேயே பாகங்களைச் செய்வதற்குத் திட்டம் இருந்தால் இரு, இல்லாவிட்டால் நடையைக் கட்டு" என்று அரசு சொல்லிவிட்டது. அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டும் நடையைக் கட்டின. கார் தொழிலில் மூன்று பேர் மிஞ்சினார்கள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் வால்சந்த் குழுமத்தின் பிரீமியர், சென்னை வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார். கல்கத்தா, பம்பாய், சென்னை என்று ஊருக்கு ஒன்று. அந்தக் காலத்தில் ஒரு தெருவில் எந்தக் கார் அதிகம் நிற்கிறது என்பதை வைத்தே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம் என்பார்கள்.

அம்பாசடர் என்பது பிரிட்டிஷ் மோரிஸ் ஆக்ஸ்ஃபர்டின் மூன்றாம் வரிசை. இங்கே 1957-58 வாக்கில் வந்தது. இங்கிலாந்தில் 1959-இலேயே நிறுத்திவிட்ட அந்த உடம்பு, நம் நாட்டில் 2014 மே மாதம் வரை தயாரானது! மூக்கும் முழியும் கொஞ்சம் மாறின, எஞ்சின்கள் மாறின, ஆனால் உடம்பு அதேதான். ஃபியட் 1100-தான் 1970-களின் நடுவில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. சித்தூர் ராணி பத்மினியின் பெயர் அது. நாட்டியப் பேரொளி பத்மினியின் பெயரோ என்று கேட்ட நம்மவர்களை நான் பார்த்திருக்கிறேன்!

ஹெரால்டு மூன்றிலும் விசித்திரமானது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலோட்டி வரைந்த உருவம். முன்பக்க பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழும், எஞ்சினைச் சுற்றி நின்றே வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில் இரண்டு கதவு, நம் ஆட்களுக்கு அது சரிப்படாது என்று சென்னையில் நான்கு கதவு வைத்துச் செய்தார்கள். நான்கு கதவு ஹெரால்டு உலகத்திலேயே இந்தியாவில் மட்டும்தான் உண்டு. வெளிநாட்டு ஹெரால்டு ரசிகர்கள் இதைக் கேட்டால் கண்ணை அகல விரிப்பார்கள், நம் ஊர்க்காரர்களுக்கே தெரியாது.

இந்தக் கார்கள் ஏன் முப்பது நாற்பது வருஷம் மாறாமல் இருந்தன? மாற்ற வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை என்பதுதான் பதில். எத்தனை கார் செய்யலாம் என்பதற்கு லைசென்ஸ், இறக்குமதிக்கு லைசென்ஸ், அந்நியச் செலாவணிக்குத் தட்டுப்பாடு. 1980 வாக்கில் நாடு முழுவதும் ஓர் ஆண்டில் தயாரான கார்கள் ஏறத்தாழ முப்பதாயிரம். இன்று ஆண்டுக்கு நாற்பது லட்சத்துக்கும் மேல் பயணி வாகனங்கள் விற்கின்றன. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வாடிக்கையாளர் தயாராக இருக்கும்போது எந்த முதலாளி புது மாடலுக்குச் செலவழிப்பான்? "அந்தக் காலத்துக் கார் போல வருமா" என்று பெருமூச்சு விடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். அம்பாசடரில் ஹாரனைத் தவிர மற்ற எல்லாமே சத்தம் போடும் என்ற கேலி சும்மா வரவில்லை. பிரேக்கை மிதித்தால் வண்டி யோசித்துத்தான் நிற்கும்.

மூடிய சந்தை என்ன செய்யும் என்பதற்கு ஸ்டாண்டர்டு 2000 ஒன்றே போதும். 1985-இல் சென்னையிலிருந்து வந்தது. உடம்பு பிரிட்டிஷ் ரோவரின் நவீன உடம்பு, பார்த்தால் ராஜகளை. உள்ளே எஞ்சின் மட்டும் பழைய வேன்கார்டு காலத்துச் சரக்கு. பட்டு வேஷ்டிக்குள் கிழிந்த டவுசர்! விலையும் அதிகம், பெட்ரோலும் குடித்தது. மூன்று வருஷத்தில் கதை முடிந்தது. அதற்குள் 1983 டிசம்பரில் மாருதி 800 வந்து ஆட்டத்தையே மாற்றிவிட்டது.

ஆனால் குறைகளோடு பிறந்த இந்தக் கார்களுக்கு நம் நாடு வேறொன்றைக் கொடுத்தது. ரிப்பேர் வித்தை. அம்பாசடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருளைக் கலக்க ஒரு கார்புரேட்டர், பொறி கொடுக்க டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு ஜோடி பாயின்ட். அந்த பாயின்ட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு இருக்கவேண்டும். மெக்கானிக் பாஷையில் "பதினஞ்சு தௌ". அளக்க ஃபீலர் கேஜ் இல்லையா, தீப்பெட்டி அட்டையைச் சொருகிப் பார்த்தே வைத்துவிடுவார்கள். டில்லி கராஜ்களில் தலைமை மெக்கானிக்கை "உஸ்தாத்" என்பார்கள். ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, எந்த டாப்பட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் உஸ்தாத்கள் இருந்தார்கள். நம் வீட்டு டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைப்பது மாதிரிதான்.

பாகம் கிடைக்காவிட்டாலும் வண்டி நிற்காது. டில்லியில் காஷ்மீரி கேட்டும் மாயாபுரியும், சென்னையில் புதுப்பேட்டை, கல்கத்தாவில் மல்லிக் பஜார் என்று ஊருக்கு ஊர் சந்தைகள் உண்டு. அங்கேயும் கிடைக்காததை லேத்தில் கடைந்து கொடுப்பார்கள். அசல் எஞ்சின் தேய்ந்தால் டீசல் எஞ்சினைத் தூக்கி வைப்பார்கள். 1998-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு டில்லி டாக்சிகள் படிப்படியாக சி.என்.ஜி.க்கு மாறியபோது, டிக்கியில் சிலிண்டரைப் படுக்க வைத்துக்கொண்டு அம்பாசடரும் ஃபியட்டும் ஓடின. ஐரோப்பாவில் இந்த வயதுக் கார்களைச் சேகரிப்பாளர்கள் காப்பாற்றினார்கள் என்றால், இங்கே டாக்சிக்காரரும் லேத்துக்காரரும் காப்பாற்றினார்கள்.

புகைக் கட்டுப்பாடு வந்ததும் நிலைமை மாறியது. 1999-2000-இல் தலைநகர்ப் பகுதியில் யூரோ விதிகள் அமலானபோது பழைய வடிவங்களுக்கு மூச்சு முட்டியது. பத்மினியின் உற்பத்தி 2000-ஐ ஒட்டி நின்றது. அம்பாசடர் 2014-இல் நின்றது, அந்தப் பெயரை 2017-இல் பிரெஞ்சு பேஷோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகளுக்கு 20 வயது வரம்பு. கடைசியாகப் பதிவான பத்மினி டாக்சி 2003 அக்டோபரைச் சேர்ந்தது, ஆகவே 2023 அக்டோபரோடு அந்த அத்தியாயம் முடிந்தது. ஒரு வண்டியையாவது காப்பாற்றி வையுங்கள் என்று டாக்சிக்காரர் சங்கமே கேட்டது. ராஜாக்களின் வண்டிக்கு யாரும் அப்படி மனுப் போடவேண்டி வரவில்லை.

இனி அந்தச் சட்டக் கணக்கு. 2021 ஜூலையில் மத்திய அரசு முதன்முறையாக "விண்டேஜ்" வாகனத்துக்கு விதி வகுத்தது. 50 வயதைத் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வாகனம் விண்டேஜ் ஆகும். புதிதாகப் பதிவு செய்தால் எண்ணில் "வி.ஏ." என்ற எழுத்துகள் வரும், ஏற்கெனவே பதிவானது பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். பேரணி, கண்காட்சி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போட, இவற்றுக்கு மட்டும் தெருவில் இறக்கலாம். தினசரி ஆபீசுக்கு ஓட்டக்கூடாது. நல்ல விதிதான், வரவேற்கிறேன்.

சிக்கல் ஐம்பது வயதுக்கு முன்னால். சாதாரணக் காருக்கு 15 வயதில் பதிவு முடிகிறது. மற்ற ஊர்களில் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயாயிற்று, 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. டில்லியில் அதுவும் கிடையாது. பசுமைத் தீர்ப்பாயம் 2014-15-இல் போட்ட உத்தரவையும், அதை உறுதி செய்த உச்ச நீதிமன்றத்தின் 2018 உத்தரவையும் டில்லிவாசிகளுக்குச் சொல்லவேண்டியதில்லை. டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15. 2025 ஜூலையில் பெட்ரோல் பங்க்கிலேயே மறிக்கப் பார்த்து நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நடவடிக்கைக்குத் தடை போட்டது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4-க்கும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கும் மட்டுமே என்று திருத்திவிட்டது. ஆக டில்லியின் ஃபியட், கான்டெஸா, பழைய மாருதி, அம்பாசடரில் பெரும்பகுதி எல்லாமே வெளியே நிற்கின்றன.

அரசாங்க வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் 15 வயதுக்கு மேல் பதிவே இல்லை. அம்பாசடரின் மிகப் பெரிய வாடிக்கையாளரே அரசாங்கம்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். எத்தனை கலெக்டர் வண்டிகள் பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்!

15 வயதில் குப்பை, 50 வயதில் பாரம்பரியம் என்கிறது சட்டம். நடுவில் 35 வருஷம் அந்த வண்டியை யார், எங்கே, எந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு காப்பாற்றுவது? முதல் மாருதி 800-க்கு 2033-இல்தான் 50 ஆகும். கடைசிப் பத்மினிகளுக்கு 2050-ஐ ஒட்டி. கடைசி அம்பாசடருக்கு 2064. ரோல்ஸ் ராய்ஸுக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை, இந்த விதிகள் வருவதற்குள்ளேயே அது தாத்தாவாகிவிட்டது.

இன்னொரு முடிச்சும் உண்டு. விண்டேஜ் விதிப்படி சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது. இந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. யாரோ பழைய கூட்டுக்குள் புது எஞ்சினை வைத்து ஏமாற்றக்கூடாது. ஆனால் நம் கார்கள் பிழைத்ததே எஞ்சின் மாற்றித்தானே? டீசல் வைத்த அம்பாசடரும் சி.என்.ஜி. வைத்த டாக்சியும் நம் சரித்திரத்தின் உண்மையான சாட்சிகள். அவற்றை "அசல் இல்லை" என்று தள்ளினால், ஓடாமல் ஷெட்டில் தூங்கிய பணக்கார வண்டிகள்தான் பரீட்சையில் தேறும்.

புகை விஷயத்தை நான் தட்டிக்கழிக்கவில்லை. நவம்பர் மாத டில்லியில் மூச்சுவிட்டவன் எவனும் தட்டிக்கழிக்க முடியாது. தினம் ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓடும் பழைய டீசல் வண்டி தெருவை விட்டுப் போகத்தான் வேண்டும். ஆனால் வருஷத்துக்கு நாலு ஞாயிற்றுக்கிழமை வெளியே வரும் ஹெரால்டையும் அதையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா? ஜெர்மனியில் 30 வயதான கார் அசல் நிலையில் இருந்தால் எண்பலகையில் "எச்" என்ற எழுத்தோடு தனிப் பதிவு கிடைக்கிறது. பிரிட்டனில் 40 வயதில் வரிவிலக்கு. அங்கேயும் காற்றைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே 50 என்பதை 30 ஆக்கி, 15-லிருந்து 30 வரைக்கும் "ஓட்டாமல் வைத்திருக்கும் வண்டி" என்று ஒரு குறைந்தபட்சப் பதிவு கொடுத்தால், அரசுக்குக் காசு செலவில்லை. ஓட்டும் தூரத்துக்கு வேண்டுமானால் உச்சவரம்பு வைக்கட்டும்.

இன்றைய கார்களுக்கு இந்த யோகம் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. பாதுகாப்பில், மைலேஜில், புகையில் அவை எத்தனையோ மடங்கு மேல். ஆனால் உள்ளே பத்திருபது கம்ப்யூட்டர். சாவிக்கும் எஞ்சினுக்கும் ரகசியப் பேச்சு. முப்பது வருஷம் கழித்து அந்தக் கன்ட்ரோல் யூனிட் செத்துப்போனால் எந்த லேத்தில் கடைவது? ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தால் சாஃப்ட்வேர் பேசாது.

இப்போதைக்கு மியூசியங்கள் கொஞ்சம் கைகொடுக்கின்றன. கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் ஜீடீ கார் மியூசியம், டில்லிக்குப் பக்கத்தில் ஹரியானா தாவ்டூவில் ஹெரிடேஜ் டிரான்ஸ்போர்ட் மியூசியம், இரண்டுமே குழந்தைகளோடு போய்ப் பார்க்கவேண்டியவை. மாருதி கம்பெனியும் தன் முதல் 800-ஐத் தலைமையகத்தில் வைத்திருக்கிறது.

நம் சங்க அன்பர்கள் வீட்டில், இங்கேயோ ஊரிலோ, அப்பாவின் வண்டி ஷெட்டில் நின்றுகொண்டிருந்தால் ஒரு வார்த்தை. முதலில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். காகிதம் தொலைந்த கார் வெறும் இரும்பு. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் அதில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அதை ஆர்.டி.ஓ.வில் பதிந்த சான்று வேண்டும். வண்டி டில்லிப் பதிவாக இருந்தால், வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக என்.ஓ.சி. வாங்கும் வழியை விசாரியுங்கள், கண்டம் போட ஆள் வரும்வரை காத்திருக்காதீர்கள். கழற்றிப்போட்ட அசல் கார்புரேட்டரோ டைனமோவோ மூட்டையில் கிடந்தால் அதைத் தூக்கி எறியவேண்டாம். நாளைக்கு அந்த வண்டியை அசல் என்று நிரூபிக்க அதுதான் கேட்கப்படும்.