இரண்டடித் தண்டவாளம்

கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்கு 18 கிலோமீட்டர். காலை ஆறரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். முதுகில் கேமரா, தோளில் நண்பனிடம் இரவல் வாங்கிய இரண்டடி ஸ்லைடர். கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கு, தெங்குமரஹாடாவின் வயல்கள், தொலைவில் பவானிசாகர் அணையின் தண்ணீர். தடுப்புக் கம்பி மட்டும் குறுக்கே வந்து காட்சியைக் கெடுத்தது. முக்காலியை உயர்த்தி, லென்ஸைக் கம்பிக்கு மேலே கொண்டுபோய், கேமராவை இடமிருந்து வலமாகப் பத்து விநாடி நகர்த்தினேன். திருப்தி வராமல் ஐந்து தடவை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் ஓடவிட்டால், பள்ளத்தாக்கு அசையவே இல்லை. காலண்டர் படத்தைச் சுவரில் மாட்டி எடுத்த மாதிரி இருந்தது. ஸ்லைடர்தான் பழுது என்று நினைத்து நண்பனை நாலு வார்த்தை திட்டவும் செய்தேன். பிறகு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, திட்டு வாங்க வேண்டிய ஆள் யார் என்று தெரிந்தது.

ஸ்லைடரைப் பார்க்காதவர்களுக்காக: இரண்டு அலுமினியக் குழாய்கள், அவற்றின்மேல் வழுக்கி ஓடும் ஒரு கைப்பிடி அளவு வண்டி, வண்டியின்மேல் கேமரா. அவ்வளவுதான். சினிமாக்காரர்கள் சொல்லும் டிராலியின் பேரப்பிள்ளை இது. டிராலி போட வேண்டுமென்றால் தண்டவாளம், பலகை, ஆப்பு, தள்ளுவதற்கு ஆட்கள் என்று ஒரு வேன் நிறையச் சாமான் வேண்டும். இத்தாலியில் ஜொவானி பாஸ்ட்ரோனே 1914இல் எடுத்த ‘கபிரியா’ படத்தில் கேமராவை வண்டியில் ஏற்றி, பிரம்மாண்டமான அரங்குகளுக்குள் மெல்ல நகர்த்திக் காட்டினார். அதற்கும் முன்பே, 1896இல், லூமியர் சகோதரர்களிடம் வேலை பார்த்த அலெக்சாந்தர் ப்ரோமியோ வெனிஸ் நகரத்துக் கால்வாயில் படகில் கேமராவோடு உட்கார்ந்து கரையோரக் கட்டடங்களைப் படம்பிடித்திருந்தார். நம் கல்யாண மண்டபங்களுக்கு இது வந்துசேர நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 2008இல் கேனான் 5டி மார்க் 2 வந்து, ஸ்டில் கேமராவிலேயே முழு எச்டி வீடியோ எடுக்கலாம் என்று ஆன பிறகு, கேமராவின் எடை குறைந்தது. டிராலியும் பைக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியது. குத்துவிளக்கும் தாம்பூலத் தட்டும் கண்ணெதிரே வழுக்கிக்கொண்டு போக, அவற்றுக்குப் பின்னாலிருந்து மணப்பெண்ணின் முகம் மெதுவாக வெளிப்படுகிறதே, அது பெரும்பாலும் ஸ்லைடர் வேலை.

அந்தக் குத்துவிளக்கில்தான் விஷயமே இருக்கிறது.

நான் போட்ட கணக்கு இது. 36 மில்லிமீட்டர் அகல சென்சார், 35 மில்லிமீட்டர் லென்ஸ், 60 சென்டிமீட்டர் நகர்வு. ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் தேயிலைச் செடியின் பிம்பம் சென்சாரில் 21 மில்லிமீட்டர் நகரும். 1,920 புள்ளி அகலமுள்ள எச்டி படத்தில் அது 1,120 புள்ளி; பாதித் திரைக்கும் மேல். பத்து மீட்டரில் நிற்கும் சில்வர் ஓக் மரம் 112 புள்ளி நகரும். நூறு மீட்டரில் இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயன் வீடு 11 புள்ளி. ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேடு ஒரே ஒரு புள்ளி. கோடநாட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு அப்பால் தெரியும் எதுவாக இருந்தாலும் பத்தில் ஒரு புள்ளி, அதாவது ஒன்றுமே இல்லை. தொலைவு பத்து மடங்கானால் நகர்வு பத்தில் ஒரு பங்காகிறது. நான் அழகாக இல்லை என்று ஒதுக்கிய தடுப்புக் கம்பி ஒன்றுதான் அன்றைக்கு நகரக்கூடிய பொருள்.

பள்ளிக்கூடத்தில் இதற்கு ‘இடமாறு தோற்றப் பிழை’ என்று பெயர். அளவுகோலைச் சாய்வாகப் பார்த்து அளந்தால் மார்க் போகும். பாடப்புத்தகம் பிழை என்று சொல்லிக்கொடுத்ததைத்தான் ஒளிப்பதிவாளர்கள் தேடித் தேடி எடுக்கிறார்கள்.

ஜூம் செய்தால் இது கிடைக்காது. ஜூம், அருகில் இருப்பதையும் தொலைவில் இருப்பதையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குகிறது. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைவதோ வெளிவருவதோ நடப்பதில்லை. கேமராவை நின்ற இடத்திலேயே திருப்பினாலும், அதாவது பேன் செய்தாலும் (தலையில் ஊர்வது வேறு), காட்சி மொத்தமாக ஒரு பக்கம் போகுமே தவிர செடியும் மலையும் தனித்தனியாகப் பிரியாது. லென்ஸ் இடம் மாறியாக வேண்டும். அரை அடி மாறினாலும் போதும், பக்கத்தில் ஏதாவது இருந்தால்.

கோத்தகிரியை ஒட்டியிருக்கும் லாங்வுட் சோலையில் இதைக் கேமரா இல்லாமலே பார்க்கலாம். 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சோலை 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். இலை, கொடி, கிளை, பாசி எல்லாம் ஒரே பச்சைத் திரையாக அப்பிக்கொண்டு நிற்கும். எந்த இலை எந்த மரத்துடையது என்று சொல்ல முடியாது. தலையைக் கொஞ்சம் ஆட்டினால் மரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி அதனதன் இடத்தில் போய் நிற்கும். ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1867இல் நிறைவுபெற்ற தம் பார்வையியல் நூலில் இந்தக் காட்டு அனுபவத்தையே உதாரணமாகச் சொல்கிறார். அவர் பார்த்தது ஐரோப்பியக் காடு. நம் சோலை அதைவிட அடர்த்தி.

வெட்டுக்கிளிக்கு இது எப்போதோ தெரியும். தாவுவதற்கு முன் உடம்பை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டும். பொருள் எவ்வளவு தூரம் நகர்ந்து தெரிகிறது என்பதை வைத்துத் தொலைவைக் கணிக்கும். 1959இல் வாலஸ் என்ற ஆய்வாளர் ஒரு குறும்பு செய்தார். வெட்டுக்கிளி ஆடும்போது அதற்கு எதிர்த்திசையில் இலக்கையும் ஆட்டினார். பிம்பம் அதிகமாக நகரவே, இலக்கு பக்கத்தில் இருப்பதாக நினைத்து அது குறைவாகத் தாவி ஏமாந்தது. குரங்குகளின் மூளையில், அசைவைக் கவனிக்கும் ஒரு பகுதியில் உள்ள நரம்பணுக்கள், குரங்கின் சொந்த அசைவையும் சேர்த்துக் கணக்கிட்டு எது முன்னால், எது பின்னால் என்று பிரிப்பதை 2008இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. தட்டையான திரையை ஆழமாக உணர நமக்குத் தனிப் பாடம் தேவையில்லை. பூச்சிக்கும் குரங்குக்கும்கூட உள்ள பழக்கம் அது.

நகர்வை நீட்டினால் எட்டுகிற தொலைவும் நீளும். 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்துவிட்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் கோணம் பார்த்துப் பார்த்துத்தான் இந்தியாவை அளக்கத் தொடங்கினார். பெசல் என்ற ஜெர்மன் வானியலாளர் 1838இல் ஒரு நட்சத்திரத்தின் தூரத்தைக் கண்டுபிடித்தபோது, அவருடைய ஸ்லைடர் பூமியின் சுற்றுப்பாதை. ஜனவரியில் ஒரு முனை, ஜூலையில் மறுமுனை என்று வைத்துக்கொண்டால் இடையில் 30 கோடி கிலோமீட்டர். என் கையில் இருந்தது இரண்டடி.

மறு வாரம் காட்சிமுனையை விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கினேன். ஒளிப்பதிவில் பாதி வேலை இயற்பியல்தான் என்று அங்கே தெரிந்தது. முதல் எதிரி சரிவு. ஒரு முனையில் மட்டும் முக்காலி வைத்தால், கேமரா மறுமுனைக்குப் போகும்போது ஸ்லைடர் ஏற்றப்பலகை மாதிரி சாயும். இரண்டு பக்கமும் தாங்கல் கொடுத்து, கொத்தனாரிடமிருந்து வாங்கிவந்த ரசமட்டத்தை மேலே வைத்துச் சரிபார்த்தேன். நீளமான ஸ்லைடர் வாங்கினால் நல்லதுதானே என்று கேட்கலாம். இரு முனையிலும் தாங்கிய குழாயின் நடுவில் எடை வந்தால், தொய்வு நீளத்தின் மும்மடியாக ஏறும். அதே தடிமனில் இரண்டடியை நாலடி ஆக்கினால் எட்டு மடங்கு தொய்யும். கேமரா நடுவைக் கடக்கும்போது அடிவானம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்வதைப் பார்க்கலாம்.

அடுத்தது, தொடக்கத்தில் வரும் அந்தக் குலுக்கல். பீரோவைத் தள்ளியவர்களுக்கு இது தெரியும். நகர ஆரம்பிக்கும்வரை முக்கித் தள்ள வேண்டும். நகர்ந்துவிட்டால் சட்டென்று இலகுவாகி நாமே முன்னால் விழப் பார்ப்போம். நிலை உராய்வு அதிகம், இயக்க உராய்வு குறைவு. அதிகாலைக் குளிரில் பேரிங்கில் இருக்கும் கிரீஸ் கெட்டிப்பட்டுவிட்டால் இன்னும் மோசம். இதற்குச் செலவில்லாத மருந்து ரப்பர் பேண்ட். வண்டியில் ஒன்றைக் கோத்து, கையால் வண்டியைத் தொடாமல் ரப்பரைப் பிடித்து இழுக்க வேண்டும். விரலின் நடுக்கத்தை ரப்பர் நீண்டும் சுருங்கியும் விழுங்கிவிடும். சீரான இழுப்பு மட்டும் கேமராவுக்குப் போகும். விலை கூடிய ஸ்லைடர்களில் ஒரு சுழல்சக்கரம் வைத்து இதே வேலையைச் செய்கிறார்கள்.

வேகத்தில் பொறுமை வேண்டும். அந்த 1,120 புள்ளி நகர்வை இரண்டு விநாடியில் முடித்தால், விநாடிக்கு 24 பிரேம் கணக்கில், செடி ஒவ்வொரு பிரேமுக்கும் 23 புள்ளி தாவும். கண்ணுக்கு அது நடுங்கும். பத்து விநாடி எடுத்துக்கொண்டால் தாவல் ஐந்து புள்ளிக்கும் கீழே வந்து பட்டுப்போல ஓடும்.

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, “மலை அங்க இருக்கு, நீங்க என்ன தம்பி இலையையே முட்டிக்கிட்டு இருக்கீங்க?” என்றார். சரியான கேள்வி. செடிக்கு ஒரு முழத்தில் லென்ஸை வைத்திருந்தேன். அந்த இலை நகர்ந்தால்தான் மலை நிற்பது தெரியும் என்று விளக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் கூடை நிரம்ப வேண்டும்.

மூடுபனி வந்தால் படம் எடுக்க முடியாது என்பது பாதிதான் உண்மை. பனியின் நுண்துளிகள் ஒளியைச் சிதறடித்து, தொலைவு கூடக்கூட நிறத்தை வெளுக்க வைக்கின்றன. முன்னால் இருக்கும் சில்வர் ஓக் கறுப்பு, அடுத்த வரிசை சாம்பல், அதற்கடுத்தது வெறும் நிழல். ஏற்கெனவே அடுக்கடுக்காகப் பிரிந்து கிடப்பதை ஸ்லைடர் வெவ்வேறு வேகத்தில் இழுத்துவிடும். 1937இல் வந்த ‘தி ஓல்ட் மில்’ கார்ட்டூனுக்காக வால்ட் டிஸ்னியின் கலைஞர்கள், கண்ணாடித் தகடுகளில் வரைந்த காட்சிகளை ஒன்றின்மேல் ஒன்றாக இடைவெளிவிட்டு அடுக்கி, தனித்தனி வேகத்தில் நகர்த்திப் படமெடுத்தார்கள். நீலகிரியில் அந்த அடுக்குகளைப் பனியே செய்து கொடுக்கிறது.

இந்த மலையிலேயே மிக நீளமான ஸ்லைடர் என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயில்தான். 46 கிலோமீட்டர் தண்டவாளம். பல்சக்கர ஏற்றத்தில் மணிக்குப் பத்து கிலோமீட்டரை ஒட்டிய வேகம். இந்த ரயிலின்மேல் எடுத்த ‘உயிரே’ படத்தின் ‘தைய தையா’ பாட்டில் சந்தோஷ் சிவனின் கேமரா ரயில் கூரையை விட்டு அதிகம் விலகாது. கூரையில் ஆடுகிறவர்கள் திரையில் ஓரளவு நிலைத்திருக்க, பக்கத்துப் புதர்கள் பறக்கின்றன, பின்னால் மலை சோம்பலாகத் திரும்புகிறது. 1998இல் வந்த அந்தப் படத்தின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஜன்னலோரம் உட்காரும் குழந்தை, நிலா ஏன் கூடவே வருகிறது என்று கேட்பதும் இதே கணக்குதான்.

ஸ்லைடரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின நாள் மறுபடியும் கோடநாடு போனேன். இந்தத் தடவை முக்காலியின் கால்களை விரித்துத் தாழ்த்தி, லென்ஸைத் தடுப்புக் கம்பியிலிருந்து ஒரு முழத்தில் வைத்தேன். ரப்பர் பேண்டை இழுத்தேன். துருப்பிடித்த கம்பி, அதில் வரிசையாகத் தொங்கிய பனித்துளிகள், யாரோ கட்டிவிட்டுப் போன சாயம் வெளுத்த ஒரு சிவப்புக் கயிறு எல்லாம் திரையைக் கடந்து போயின. பின்னால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.