கதவு திறந்தது, கார் புறப்படவில்லை

காரைநகர்க் கசூரினாக் கடற்கரையிலே, ஒரு போயா விடுமுறை தினத்தன்று மாலை எமக்கு நேர்ந்த அனுபவம் ஒன்றை வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். நகைப்புக்கிடமானதாயினும் பயனுள்ள அனுபவம் அது.

குடும்பத்துடன் கடலாடச் சென்றிருந்தோம். காற்சட்டைப் பையிலே கார்த் திறப்பு இருப்பதை மறந்து அலைக்குள் இறங்கியவர் வேறெவருமல்லர், நாமேதாம். கரையேறிப் பையைத் தடவிப் பார்த்தபோது உள்ளே மணல் இருந்தது, திறப்பு இல்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நீரிழிவு நோயாளியான மாமியின் மருந்துப் பை பூட்டிய காருக்குள் இருந்தது. ஆயினும் நாம் பெரிதும் கலங்கினோமல்லோம். வீட்டு அலுமாரியில் இரண்டாவது திறப்பு ஒன்று இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்புக்குச் சென்றிருந்த சமயம் மலிவாக வாங்கி வெட்டுவித்த திறப்பு அது. மைத்துனரைத் தொலைபேசியில் அழைத்தோம். அவர் மோட்டார் சைக்கிளில் அதனைக் கொண்டுவந்து சேர்த்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

கதவு உடனே திறந்தது. மாமிக்கு மருந்து கிடைத்தது. பெருமூச்சு விட்டபடி ஆசனத்தில் அமர்ந்து திறப்பைத் திருப்பினோம். எஞ்சின் உறுமியது, இரண்டு விநாடியில் அடங்கிவிட்டது. மறுபடியும் திருப்பினோம், மறுபடியும் அதே கதை. முன்பலகையிலே திறப்பின் உருவம் கொண்ட சிறு விளக்கு ஒன்று எம்மைப் பார்த்துக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

மறுநாட் காலை கார் யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டது. திறப்பு வெட்டும் தொழிலாளி ஒருவர் எமது திறப்பை வாங்கி, அதன் தலையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஐயா, இது கதவுத் திறப்பு. எஞ்சின் திறப்பு கடலுக்குள்ள கிடக்குது" என்றார்.

அவர் கூறியதன் பொருளை அன்று அவரிடமிருந்தே கற்றுக்கொண்டோம்.

உலோகம் அறியும் பாடம்

கார்ப் பூட்டின் உள்ளே மெல்லிய உலோகத் தகடுகள் சில வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு சிறு வில் தள்ளிக்கொண்டிருக்கும். திறப்பிலுள்ள வெட்டுகள் அத்தகடுகளைத் தத்தமக்குரிய மட்டத்துக்குக் கொண்டுவரும்போதுதான் பூட்டின் உருளை திரும்பும். ஓர் ஆழத்துக்கும் அடுத்த ஆழத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்ததே. அந்தச் சிற்றளவிலேதான் காரின் காவல் அடங்கியுள்ளது.

வெட்டாத வெறுந் திறப்பைக் கடைக்காரர் 'பிளாங்க்' என்பர். கார் உற்பத்தியாளரல்லாத பிற நிறுவனங்களும் அவற்றைச் செய்து உலகெங்கும் விற்கின்றன. இத்தாலியின் சில்க்கா, ஸ்பெயினின் ஜேஎம்ஏ ஆகியன இத்தொழிலில் பெயர்பெற்றவை. ஆகவே பிற நிறுவனத் திறப்பு என்ற ஒரே காரணத்தால் அதனைப் போலியென்று தள்ளிவிடலாகாது. நல்ல பித்தளையில் நிக்கல் முலாமிட்டுச் செய்தது நெடுநாள் உழைக்கும். மிருதுவான மட்ட உலோகத்திற் செய்தது விரைவில் தேய்ந்தோ பூட்டுக்குள்ளேயே முறிந்தோ போகலாம்.

வெட்டும் முறையிலும் கவனம் வேண்டும். சாதாரண யந்திரம் பழைய திறப்பின் விளிம்பைத் தடவியபடியே புதியதை வெட்டுகின்றது. பழையது தேய்ந்திருப்பின் அத்தேய்வும் புதியதிற் பதியும். யந்திரத்தின் சிறு பிழையும் அதனுடன் சேரும். பிரதியிலிருந்து மறுபிரதி எடுத்தால் பிழை மேலும் பெருகும். எனவே கைவசமுள்ள திறப்புகளுள் மூலத் திறப்பையே மாதிரியாகக் கொடுத்தல் வேண்டும். கார் புதிதாக விற்கப்பட்டபோது கொடுக்கப்பட்ட குறியீட்டு எண் தகடு கிடைக்குமாயின் இன்னும் நன்று. அந்த எண்ணைக் கொண்டு, தேய்வுக்கு முன்னிருந்த அளவிலேயே புதிய திறப்பை வெட்டிவிடலாம். திறப்பின் பக்கத்திலே பாம்பு நெளிவதுபோன்று பள்ளம் கொண்டவற்றைச் சாதாரண யந்திரத்தால் வெட்ட இயலாது. அவற்றுக்குத் தனி யந்திரம் உண்டு.

எமது மலிவுத் திறப்பு இந்த முதற் பாடத்தில் தேறிவிட்டது. ஆதலாலேதான் கதவு திறந்தது.

தலைக்குள் இருக்கும் இரகசியம்

உலோகத்தை மட்டும் நம்பினால் கள்வரைத் தடுத்தல் அரிது என்பதைக் கார் உற்பத்தியாளர் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டனர். 1986 இல் ஷெவர்லே கோர்வெட் காரின் திறப்பிலே மின்தடைத் துண்டு ஒன்று பதிக்கப்பட்டது. பதினைந்து அளவுகளுள் காருக்குரிய அளவு எதுவோ அது பொருந்தினாலன்றி எஞ்சின் இயங்காது. 1990 களிலே திறப்பின் பிளாஸ்ரிக் தலைக்குள் 'சிப்' எனப்படும் இலத்திரனியற் துண்டு குடிபுகுந்தது. 1998 ஒக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்கள் அனைத்துக்கும் இத்தகைய தடுப்புக் கருவி கட்டாயமாயிற்று. அவுஸ்திரேலியா 2001 இலும் கனடா 2007 இலும் அதனைக் கட்டாயமாக்கின.

அது வேலைசெய்யும் விதம் விந்தையானது. எஞ்சினை இயக்கும் பூட்டைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள் உண்டு. திறப்பைச் செருகித் திருப்பியதும் அச்சுருள் வானொலி அலையொன்றை எழுப்புகின்றது. அந்த அலையிலிருந்தே சக்தியைப் பெற்று, மின்கலம் ஏதுமின்றி, சிப் தனது இரகசிய விடையைக் காருக்குச் சொல்லுகின்றது. விடை சரியாயின் எஞ்சின் ஓடும். தவறாயின் எரிபொருளோ தீப்பொறியோ நிறுத்தப்படும். திறப்பின் தலையிலே நாம் மாற்றும் சிறு மின்கலம் கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் பொத்தான்களுக்கே உரியது.

கதவுப் பூட்டுக்கு இச்சுருள் இல்லை. கதவு உருவத்தை மட்டும் பார்க்கும். எஞ்சின் அடையாளத்தையும் கேட்கும். எமது மலிவுத் திறப்பின் தலை வெறும் கூடு. தொழிலாளி காதருகே ஆட்டிப் பார்த்தது அதற்காகவே.

'இவ்வளவு தொல்லை எதற்கு?' என்று அன்றிரவு நாம் சலித்துக்கொண்டதுண்டு. அமெரிக்காவில் நிகழ்ந்ததை அறிந்தபின் சலிப்பு நீங்கிற்று. அங்கு 2015 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில், ஏனைய நிறுவனங்களின் வகைகளுள் 96 வீதமானவற்றில் இக்கருவி இயல்பாகவே பொருத்தப்பட்டிருந்தது. ஹியுண்டாய், கியா வகைகளில் 26 வீதமானவற்றிலேயே இருந்தது. 2021 அளவில் இந்தக் குறையை இளைஞர் சிலர் இணையக் காணொளிகளிலே வெளிப்படுத்தவே, பல நகரங்களில் அக்கார்கள் பெருந்தொகையாகக் களவுபோயின. எம்மைக் கடற்கரையில் நிறுத்திவைத்த அதே கண்டிப்புத்தான் ஏனைய நாட்களில் எமது முற்றத்திலே காருக்குக் காவல் நிற்கின்றது.

வாங்குவோர் கேட்கவேண்டியவை

எம் நாட்டிலே இவ்விஷயத்துக்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதனால் பழைய கார்களே நெடுங்காலம் கைமாறி ஓடின. ஜப்பானிற் பாவித்து இங்கு வந்த கார் ஒன்றே ஒன்றான திறப்புடன் கைக்கு வருவதும் புதுமையன்று. எமது காரும் அவ்வாறு வந்ததே.

ஆகவே கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ, உள்ளூர்க் கடையிலோ, இணையம் வாயிலாகவோ மாற்றுத் திறப்பு வாங்குவோர் மூன்று கேள்விகளைக் கேட்டறிதல் நன்று. முதலாவது: இது வெறுங் கூடா, சிப் உள்ளதா? சிப் உள்ளதாயின் எமது கார் மாதிரிக்கும் ஆண்டுக்கும் உரிய இனமா? இரண்டாவது: பொத்தான்களின் அலைவரிசை யாது? ஜப்பானியச் சந்தைக்கான கார்களுட் பல 315 மெகாஹேர்ட்ஸ் அளவிலும், ஐரோப்பியச் சந்தைக்கானவை பெரும்பாலும் 433 மெகாஹேர்ட்ஸ் அளவிலும் இயங்குகின்றன. தோற்றம் ஒன்றாயினும் அலைவரிசை மாறினால் பொத்தான் பயன்படாது. மூன்றாவது: வெட்டியபின் காருக்கு அதனை அறிமுகஞ் செய்து கொடுப்பவர் யார்? வெட்டுக்கூலி ஒன்று, அறிமுகக் கூலி வேறு.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது காலம். ஒரு திறப்பாவது கையில் இருக்கும்போது அதன் சிப்பைப் பிரதிசெய்வதோ, புதியதைக் காரிற் பதிவுசெய்வதோ பெரும்பாலும் எளிது. எல்லாம் தொலைந்தபின் செய்வதாயின் காரின் கணினியையே திறந்து வேலைசெய்ய நேரிடலாம். 1990 களின் பியற் கார்களுக்குச் சிவப்பு நிறத் தலைமைத் திறப்பு ஒன்று வழங்கப்பட்டது. அது தொலைந்தால் புதிய திறப்பைப் பதிவுசெய்ய வழியின்றி, எஞ்சின் கணினியையே மாற்றவேண்டிய நிலை உரிமையாளர்க்கு ஏற்பட்டது.

எமக்கும் அதைப்போன்ற சங்கடமே நேர்ந்தது. கணினியைத் திறந்து வேலைசெய்யத் தெரிந்த நிபுணர் வரும்வரை கார் மூன்று நாட்கள் கராஜில் நின்றது. அன்று மிச்சம் பிடித்ததிலும் பன்மடங்கு பணம் இன்று செலவாயிற்று.

வேலையைத் தொடங்குமுன் அத்தொழிலாளி கார்ப் பதிவுப் புத்தகத்தையும் எமது அடையாள அட்டையையும் காட்டும்படி கேட்டார். 'எம்மைக் கள்வரென்று நினைத்தாரோ' என முதலில் மனம் சுருங்கியது. சிந்தித்துப் பார்த்தபோதோ, இந்தக் கேள்வியைக் கேளாதவரிடமே நாம் அஞ்சவேண்டும் என்பது விளங்கிற்று. எமக்குக் கேளாமற் செய்து கொடுப்பவர், எமது காருக்காக வேறொருவர் வந்தாலும் கேளாமற் செய்து கொடுப்பாரன்றோ?

இப்பொழுது எம்மிடம் இரண்டு திறப்புகள் உள்ளன. இரண்டையும் பெற்ற அன்றே, கடைக்காரர் முன்னிலையிலேயே, கதவு, பின்பெட்டி, எஞ்சின் ஆகிய மூன்றிலும் போட்டுப் பார்த்தோம். எஞ்சின் ஐந்து நிமிடம் ஓடியபின்னரே பணத்தைக் கொடுத்தோம். ஒன்று எமது பையில்; மற்றையது மைத்துனர் வீட்டில். மாதத்தில் ஒருநாள் மைத்துனர் வீட்டுத் திறப்பினால் காரை ஓட்டிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது.

இதனை வாசித்து முடித்ததும் வாசகர்கள் ஒன்று செய்யலாம். வீட்டு அலுமாரியிலுள்ள இரண்டாவது திறப்பை எடுத்து, கதவோடு நில்லாமல் எஞ்சினிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓடாதாயின் இன்றே அதை அறிவது நல்லது. இருட்டிய கடற்கரையில் அறிவது நல்லதன்று.