காய்ச்சல் மலை – 6: எந்த ஓடை, எந்த ஊர்?

கொசு என்றாலே நமக்குச் சாக்கடைதான் ஞாபகம் வரும். வால்பாறைக்குப் பிழைக்க வந்த சனங்களை வாரிக்கொண்டு போன கொசுவுக்குச் சாக்கடை ஆகாது. அனாபிலஸ் ஃப்ளுவியாட்டிலிஸ் என்கிற அந்த மலைக்கொசு, மெல்ல நகரும் தெளிந்த ஓடையில், கரைப்புல் தண்ணீரைத் தொடுகிற இடமாகப் பார்த்து முட்டையிடும்.

சோலை மூடியிருந்தவரை ஓடைகளில் வெயில் விழவில்லை. 1890களின் பிற்பகுதியில் கார்வர் மார்ஷ் போன்ற துரைமார் காட்டைத் திறந்தார்கள். ஓடைக்கு வெயில் வந்தது, கரையில் புல் வந்தது, எட்டிவிடும் தூரத்தில் லயன் வீடுகளும் வந்தன. கங்காணி கூட்டிவந்த கீழ்நாட்டுச் சனங்களுக்கு இந்த மலேரியாக் காய்ச்சல் புதிது.

1940களில் இங்கே தோட்ட டாக்டராக இருந்த பி. எச். டேனியல், அந்தக் கதையை 1969இல் 'ரெட் டீ' நாவலாக எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். இந்த நாவலைத் தழுவிய பாலாவின் 'பரதேசி' படம் பார்த்தவர்களுக்கு டாக்டர் போடும் ஆட்டம்தான் நினைவிருக்கும். நாவலின் டாக்டர் அப்படிப்பட்ட ஆளே அல்ல; படம் அவருக்குச் செய்தது அநியாயம்.

டாக்டர் கையில் இருந்தது கொய்னா. அதற்கான மரத்தை அரசாங்கமே இந்த மலையில் வளர்த்தது. சின்கோனா என்ற ஊர் இன்றும் இருக்கிறது, மரம் இருந்த இடத்தில் அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் தேயிலை. ஆனால் கொய்னா இன்றைய காய்ச்சலைத்தான் இறக்கும், நாளைய கடியைத் தடுக்காது. அதற்குக் குற்றவாளிக் கொசு எது என்று தெரியவேண்டும். விடியற்காலையில் லயன் சுவரில் ஒட்டியிருக்கும் கொசுக்களைச் சோதனைக்குழாயில் பிடிப்பார்கள். ஊசிமுனையால் தலையை இழுத்து, உமிழ்நீர்ச் சுரப்பியை நுண்ணோக்கியில் வைத்தால், வளைந்த நூல் துணுக்குகளாகக் கிருமி தெரியும். எந்த இனத்தில் தெரிகிறதோ, அது வளரும் ஓடையில் மட்டும் எண்ணெய் தெளித்தால் போதும். ஊரிலுள்ள குட்டையெல்லாம் மூட வேண்டியதில்லை. 1940களின் கடைசியில் டி.டி.டி. வந்ததும் இந்தப் பொறுமைக்கு மவுசு குறைந்தது. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டமே வந்துவிட்டது.

இன்று வால்பாறையில் கொழுந்து பறிப்பவர்களில் ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பலர். சொந்த ஊரில் தொற்றிய வைவாக்ஸ் வகை மலேரியா ஈரலில் மாதக்கணக்கில் பதுங்கிக் கிடந்து பிறகு இங்கே எழும்பும். ஆகவே தொற்றுநோய் மருத்துவர், "எத்தனை நாளாக் காய்ச்சல்?" என்பதோடு நிறுத்தாமல், "எந்த ஊரு, எப்ப வந்தீங்க, போன வருசம் குளிர்காய்ச்சல் வந்துச்சா?" என்றும் கேட்பார். ஈரலில் பதுங்கியதைத் துரத்த 14 நாள் பிரைமாகுவின் வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்குப் போய்விட்டால், அது திரும்ப வரும்.

மலேரியா இல்லை என்றால்? சட்டையைக் கழற்றச் சொல்ல வேண்டும். புதர்க்காட்டில் வேலை செய்பவரின் அக்குளிலோ, இடுப்பு மடிப்பிலோ, மார்புக்கு அடியிலோ, பீடி சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அரிக்காது, அவருக்கே தெரியாது. ஸ்க்ரப் டைபஸ் கிருமியுள்ள பூச்சிக்குஞ்சு கடித்த இடம் அது. அதைப் பார்த்துவிட்டால் ரத்த முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் தொடங்கலாம். நோயாளி பெண்ணாகவும் அறையில் திரை இல்லாமலும் இருந்தால், பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

முற்றிய நோயாளிக்கு டாக்ஸிசைக்ளினோடு அஸித்ரோமைசினும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பதே மேல் என்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. அடுத்த வாரம் வேலூருக்குப் போவோம்.

(தொடரும்)