இரவில் எழுப்புவது சிறுநீர்ப்பையா, மூச்சா?

“ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார், டாக்டர். அவரோடு சேர்ந்து நானும் எழுந்திருக்கிறேன்.”

பார்க்கின்சன் நோயாளிகளுடன் புறநோயாளர் பிரிவுக்கு வரும் துணைவியர், கைநடுக்கத்தைக் காட்டிலும் இதைப் பற்றியே மிகுதியாகக் கூறுகின்றனர். அவர்கள் வேண்டுவது சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஒரு மாத்திரை. அதை எழுதித் தருவது எளிது. ஆனால் எழுப்புவது உண்மையிலேயே சிறுநீர்ப்பைதானா என்று பாராமல் எழுதித் தருவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்நோயில் இரவு எழுதல் வெறும் உறக்கக் கேடு அன்று. மாலையில் உட்கொண்ட மருந்தின் ஆற்றல் நள்ளிரவுக்குள் குறைந்துவிடுவதால் உடல் இறுகியிருக்கும். படுக்கையில் புரள்வதே கடினம். எழுந்து நின்றவுடன் சிலருக்கு இரத்த அழுத்தம் சரியும். இந்நிலையில், இருட்டில், அவசரத்தில், ஈரத் தரையை நோக்கி நடக்கிறார். இடுப்பு எலும்பு முறிவுகள் இப்படித்தான் நிகழ்கின்றன.

காரணங்களுள் முதலாவது அனைவரும் ஐயுறுவதே. சிறுநீர்ப்பையை அடக்கிவைக்கும் மூளைக் கட்டளைக்கு டோபமின் தேவை. அது குறையும்போது, சிறிதளவு நீர் சேர்ந்தாலே பை சுருங்கி அவசரப்படுத்துகிறது.

இரண்டாவது காரணம் பலருக்கும் வியப்பளிப்பது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதை உறக்க மூச்சுத்தடை என்கிறோம். ஒவ்வொரு தடையும் 10 வினாடியோ அதற்கு மேலோ நீடிக்கும். அடைபட்ட பாதை வழியே காற்றை இழுக்க மார்பு பெருமுயற்சி செய்கிறது. அதனால் மார்புக்குள் அழுத்தம் குறைந்து, இரத்தம் இதயத்தின் மேலறைக்கு மிகுதியாகப் பாய்கிறது. அறைச்சுவர் விரிவடைகிறது. உடலில் நீர் பெருகிவிட்டதாகக் கருதும் இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அதன் கட்டளைப்படி சிறுநீரகங்கள் உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. ஆகவே இவர் கழிக்கும் சிறுநீர் மெய்யாகவே மிகுதி. மூச்சு முட்டி விழித்தவர் நிறைந்த பையை உணர்ந்து, அதுவே தம்மை எழுப்பியதாக எண்ணிக்கொள்கிறார்.

குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கருதும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. உரத்த குறட்டை, திடீர் அமைதி, பின்னர்த் திணறலுடன் ஒரு பெருமூச்சு என்ற வரிசையை அருகில் படுப்பவர் கவனித்திருந்தால், அதை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும். உடல் பருமன் இல்லாத பார்க்கின்சன் நோயாளிக்கும் மூச்சுத்தடை இருக்கலாம். பகல் தூக்கமும் இதன் அறிகுறியே. எனினும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரைகளும் இந்நோயுமே தூக்கத்தைத் தருவதால், பழி அவற்றின்மேல் விழுந்து மூச்சுத்தடை மறைந்துவிடுகிறது.

இரண்டையும் பிரித்தறிய, அளவுகோடுகள் இட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையும் ஒரு நோட்டும் போதும். மூன்று நாள்கள், ஒவ்வொரு முறையும் கழித்த நேரத்தையும் அளவையும் எழுதுங்கள். படுத்த பின் கழித்தவற்றுடன் காலையில் எழுந்தவுடன் கழிக்கும் முதல் சிறுநீரையும் இரவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். அதுவும் இரவில் உருவானதே. எடுத்துக்காட்டாக, ஒரு நாள் மொத்தம் 1,800 மில்லி. அதில் இரவுப் பங்கு 900 மில்லி எனில் அது சரிபாதி. முதியவர்களுக்கு இப்பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினாலே இரவில் நீர் மிகுதியாக உருவாகிறது என்று பொருள். மாறாக, இரவு முழுவதும் 80, 100 மில்லியாகப் பலமுறை கழித்து மொத்தம் குறைவாகவே இருந்தால், சிறுநீர்ப்பையையும் ஆண்களாயின் புராஸ்டேட் சுரப்பியையும் ஆராய்வோம். இரவு நீர் மிகுதிக்கு மூச்சுத்தடை ஒன்றே காரணம் அன்று. சர்க்கரை நோய், கால்வீக்கம், படுத்த நிலையில் மட்டும் உயரும் இரத்த அழுத்தம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

மூச்சுத்தடையை உறுதிப்படுத்துவது ஓர் இரவு உறக்க ஆய்வு. மணிக்கு 5 தடைகளுக்குக் குறைவாயின் இயல்பு. 15 முதல் மிதமானது. 30 முதல் கடுமையானது. சிகிச்சையில் முதன்மையானது சீபாப் கருவி. முகமூடி வழியே மெல்லிய அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் இக்கருவியால், பலருக்கு இரவு எழுதலும் குறைகிறது. நடுங்கும் விரல்களால் பட்டையை மாட்டுவது எளிதன்று என்பதை நான் மறுக்கவில்லை. முதல் வாரங்களில் உடனிருப்பவர் மாட்டிவிடலாம். பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரைமணி நேரம் அணிந்து பழகலாம். ஈரப்பதக் கலனில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். மின்தடை உள்ள ஊராயின் இன்வெர்ட்டருடன் இணைப்பது குறித்துக் கருவி தந்தவரிடம் கேளுங்கள்.

கட்டிலின் தலைப்பகுதியை உயர்த்துவதும் ஒருக்களித்துப் படுப்பதும் துணைபுரியும். மதுவும், மருத்துவர் அறியாமல் உண்ணும் தூக்க மாத்திரையும் தொண்டையை மேலும் தளர்த்தும்.

சிறுநீர்ப்பை மாத்திரைகள் தேவைப்படுவோரும் உண்டு. ஆயினும் ஆக்சிபியூட்டினின் போன்ற பழைய மருந்துகள் முதியவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் மிகுவிக்கும், மலச்சிக்கலும் கூடும். மிராபெக்ரான் அவ்வகையில் பாதுகாப்பானது. இரத்த அழுத்தத்தை மட்டும் கவனிக்க வேண்டும். இரவுச் சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின், இரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடும். இன்னொருவருக்கு எழுதிய சீட்டைக் காட்டி அதை வாங்கவே கூடாது.

தண்ணீரை நாள் முழுவதும் குறைப்பது இவ்வீடுகளில் காணும் பெருந்தவறு. அதனால் மலம் இறுகும், நிற்கும்போது அழுத்தம் இன்னும் சரியும். பகலில் தாராளமாகக் குடிக்கட்டும். படுப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் குறைத்தால் போதும். இரவுக் கஞ்சி, ரசம், மோர், பால் ஆகியனவும் நீர்க்கணக்கில் சேரும் என்பதை மறவாதீர்கள். மாலைக் காபியை நான்கு மணிக்கு முன்னரே முடித்துக்கொள்ளலாம்.

சிகிச்சை பலன் தரும்வரை, படுக்கையருகே சிறுநீர்க் குடுவையும் கழிவறை வரை மங்கலான விளக்கும் இருக்கட்டும். எழும்போது கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் அமர்ந்து, பின்னர் நிற்க வேண்டும். அடுத்த முறை வரும்போது மூன்று நாள் குறிப்பேட்டையும், இயன்றால் உறங்கும்போது கைப்பேசியில் பதிவுசெய்த குறட்டை ஒலியையும் எடுத்து வாருங்கள். ஐந்து நிமிடப் பதிவு போதும்.