ஒரு மணி நேரச் சூடு

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா மைக் செட் வாடகைக்கு விட்டவராம். அவர் வைத்துப்போன டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரில் 50 வாட் என்றுதான் இருக்கிறது. மகன் வாங்கிவந்த புதுப் பெட்டியில் 1000 வாட் பிஎம்பிஓ, அதாவது கணநேர உச்ச இசைத்திறன். அதே ஸ்பீக்கரில் மாட்டினாலும் பழசுதான் உரக்கக் கேட்கிறது, ஏன் என்கிறார்.

எல்லாம் அளந்த விதத்தில் இருக்கிறது. சோதிக்கும்போது ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் ரெசிஸ்டரை மாட்டுவார்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, ஆசிலாஸ்கோப்பில் அலையைப் பார்த்தபடியே வால்யூமைக் கூட்டுவார்கள். அலையின் தலை மழுங்குவதற்குச் சற்று முன்பு நிறுத்தி வோல்டேஜைப் பார்ப்பார்கள். 20 வோல்ட் என்றால், இருபதை இருபதால் பெருக்கி எட்டால் வகுக்க, 50 வாட்.

கணநேர உச்சத்தைச் சொன்னால் இதுவே 100 ஆகும். இரண்டு சேனலையும் கூட்டினால் 200. இந்த விளையாட்டை நிறுத்தத்தான் அமெரிக்க வணிக ஆணையம் 1974இல் விதி போட்டது: முதலில் மூன்றில் ஒரு பங்கு திறனில் ஒரு மணி நேரம் ஓட வேண்டும், பிறகு முழுத் திறனில் 5 நிமிடம் தாங்க வேண்டும் என்று அப்போது இருந்தது.

அந்த மூன்றில் ஒரு பங்கில்தான் விஷயம் இருக்கிறது. முழுத் திறனில் ஓடுவதைவிட அப்போதுதான் டிரான்சிஸ்டர் அதிகம் சுடும். 50 வாட் ஆம்ப்ளிபயருக்குக் கணக்குப்படி முழு ஓட்டத்தில் 14 வாட் சூடு. மூன்றில் ஒரு பங்கில் 20. சிறுவயதில் எங்கள் குளத்து மடையில் இதைக் கண்டிருக்கிறேன். அடைத்த மடைப்பலகை சும்மா நிற்கும். முழுக்கத் தூக்கினால் தண்ணீர் தன்பாட்டுக்குப் போகும். பாதி தூக்கிய பலகைதான் வெள்ளத்தின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் ஒன்றாக வாங்கி அதிரும். பாதி திறந்த டிரான்சிஸ்டரும் அப்படித்தான், வோல்டேஜையும் கரண்டையும் சேர்த்துச் சுமக்கிறது. பல கம்பெனிகள் திணறியது முழு ஓட்டத்தில் அல்ல, இந்த ஒரு மணி நேரத்தில்.

பிஎம்பிஓவுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுமுறையே கிடையாது. புதுப் பெட்டியின் அடாப்டரைப் பாருங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் உள்ளே போவதே 12 வாட். ஆயிரம் எங்கிருந்து வரும்?

மண்டைக்காட்டுக் கொடைக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் விடிய விடியப் பாடிய பழைய ஆம்ப்ளிபயர்களை இன்று செம்புக்காக உடைத்து எடைக்குப் போடுகிறார்கள். மனசு கேட்கவில்லை. உங்களுடையதை விற்காதீர்கள். கப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் ஒரு மணி நேரம் பாதிச் சத்தத்தில் பாடவிட்டு, ஹீட் சிங்க்கைத் தொட்டுப் பாருங்கள்.